காரணம் வேணாம், வரிசை சொல்லுங்க

அவர் எதைப் பற்றியும் "ஏன்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "அப்புறம்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் இன்னொரு "அப்புறம்?" வரும். ஒரு கேள்விக்கு ஒன்பது காரணம் கைவசம் வைத்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு அப்படி ஒருவர் பழக்கமானது போன ஜென்மத்துப் பாவம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவரை முதலில் பார்த்தது வில்லியனூர் ரயில்வே கேட்டில். கேட் திறந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்வது எங்கள் பக்கத்து மரபு. அன்று பாய்ந்ததில் மீன்காரர் ஒருவரின் டிவிஎஸ்ஸிலிருந்து மீன் பெட்டி சரிந்து, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சங்கரா மீனாக இறைந்து கிடந்தது. பின்னால் பைக்கில் வந்த பையனும் மீன்காரரும் ஒருவர் பரம்பரையை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், முப்பத்தைந்து வயசு இருக்கும், ஒரு பெண் நடுவில் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் காரணத்த வுடுங்க. வரிசை சொல்லுங்க. மொதல்ல எந்த வண்டி நின்னுச்சி?"

"எதுவும் நிக்கலம்மா. இவன் வந்து—"

"இவரு வர்றதுக்கு முன்னாடி?"

மீன்காரர் யோசித்தார். "முன்னாடி... கவுறு அவுந்துது. ஒத்தக் கையால புடிச்சேன்."

"அப்புறம்?"

"பொட்டி சாஞ்சிது."

"அப்புறம்?"

"அப்புறம்தான் இவன் பிரேக் போட்டான்." சொல்லிவிட்டு மீன்காரர் முகம் வாடிப்போனது. "அப்ப யாரு மேலயும் தப்பு இல்லியா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கவுறு மொதல்ல அவுந்துது," என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையன் குனிந்து மீனைப் பொறுக்க ஆரம்பித்தான். இத்தனை நேரமும் பின்னாலிருந்து விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது நான்தான். எதற்கு அடித்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த மாதமே அதே பெண் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் உழவர் சங்கம் நெல் அறுக்கும் மிஷின்களை முறைப்படி அனுப்பி வந்தது. யார் முதலில் பதிகிறாரோ அவர் வயலுக்கு முதலில் மிஷின் போகும். நான் அங்கே மேனேஜர், கிளார்க், டீ வாங்கி வருபவர் ஆகிய மூன்று பதவிகளையும் தனி ஒருவனாக வகித்தேன். அதற்கு முந்தைய போகிப் பண்டிகையில் சங்கத் தலைவர் பழைய பதிவு நோட்டுகளையெல்லாம் வாசலில் கொளுத்தி, "இனிமே காகிதமே இல்லாத ஆபீஸு" என்று அறிவித்திருந்தார். அந்த அறிவிப்புக்காக மேசைக்கு அடியில் ஒரு சர்வரை வைத்தோம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர். டவுனில் ஒரு கம்பெனிக்கு டேட்டாபேஸ் பார்க்கும் வேலை, அதை ஒதியம்பட்டு வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தார். எங்களுக்கு மாதம் இரண்டு முறை வருவார்.

நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். நான் சொல்லும் ஜோக்குகளுக்குச் சிரிப்பார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அடுத்த ஜோக்குக்கு நான் போன பிறகு முந்தினதற்குச் சிரிப்பு வரும்.

பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் செய்ய வேண்டியதை எழுத மாட்டார், நடந்ததை மட்டும் எழுதுவார். நேரம், என்ன, முடிந்தது. தப்பாக எழுதிவிட்டால் அடிக்க மாட்டார். அடுத்த வரியில் "மேலே எழுதியது தப்பு" என்று எழுதிவிட்டுத் தொடர்வார். ஒருநாள் என் வண்டிச் சாவி தொலைந்தது. காலையிலிருந்து செய்ததைச் சொல்லச் சொன்னார். நான் என் மனைவியின் சாம்பாரில் ஆரம்பித்து மாமனாரின் குணநலன்களுக்குப் போனேன்.

"அண்ணா, வரிசைல மாமனாரு எங்க வர்றாரு?"

"அவரு எல்லாத்துலயும் வருவாரு மேடம்."

"ஃபிரிட்ஜ தொறந்தீங்களா?"

"தயிர் எடுத்தேன்."

"கைல இன்னா இருந்துச்சி?"

வீட்டுக்குப் போன் போட்டேன். சாவி தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் குளுகுளு என்று இருந்தது.

ஒருமுறை அவருடைய வீட்டுக்காரரைப் பற்றி நான் வாயைக் கொடுத்துக் கேட்டுவிட்டேன். அம்மாவும் ஒரு பசுவும் மேடமுமாகத்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

"காலைல தோசை ஊத்தினேன். ரெண்டு சாப்பிட்டாரு. மூணாவது வேணாம்னாரு. கைய கழுவினாரு. பைய எடுத்தாரு. செருப்பு போட்டாரு. எட்டு பத்து பஸ்ஸுக்குப் போனாரு. வரல."

"ஏன் மேடம்?"

"அது என்னாண்ட இல்லண்ணா."

யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்கூட மனசு ஆறும். இந்த அம்மாள் மூணாவது தோசையை இத்தனை வருஷம் அப்படியே வைத்திருக்கிறார். அன்று நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே சரி.

நான் சொல்ல வந்தது மாட்டுப் பொங்கல் கதை. அதில் வில்லன் யார் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான்.

அந்த வருஷம் சம்பா பொங்கலுக்கு முன்பே பழுத்துவிட்டது. காணும் பொங்கல் காலையில் மிஷின்கள் வயலில் இறங்குவதாக ஏற்பாடு. டிரைவர்கள் ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்து இறங்கியாயிற்று. வானமும் சரியில்லை. நாலைந்து நாளில் மழை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழுத்த நெல் ஒரு மழை வாங்கினால் சாய்ந்துவிடும், சாய்ந்த நெல் ஈரத்தில் கிடந்தால் முளைத்துவிடும். ஆகவே யாருக்கு எந்த நம்பர் என்பதுதான் அந்த வாரம் எங்கள் பக்கத்து அரசியல், ஆன்மிகம் எல்லாம். அந்த நம்பர் முழுக்க மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் இருந்தது.

மாட்டுப் பொங்கல் காலை எட்டரைக்கு நான் ஆபீஸைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். பெட்டிக்குள் டிக், டிக் என்று பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. நிறுத்திப் போட்டேன். மறுபடி பல்லி.

மனிதன் பதறும்போது என்னென்ன செய்வான் என்பதற்கு அடுத்த ஒரு மணி நேரம் உதாரணம். பெட்டியைத் தட்டினேன். ஊதினேன். விபூதி வைத்தேன். வில்லியனூர்க் கோயிலுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன், தலையில் அதற்கு வேண்டிய சரக்கு பாதிக்கு மேல் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பிறகு போனில் வீடியோ பார்த்து, இன்னொரு கம்ப்யூட்டரை இழுத்து வந்து, சர்வரில் இருந்த இரண்டாவது டிஸ்கைக் கழற்றி அதில் மாட்டி, வீடியோக்காரர் சொன்னதையெல்லாம் அதில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் ஒரு பென் டிரைவில் இருந்தது, அதையும் அதிலேயே கொட்டினேன். இன்னும் என்ன கொட்டியிருப்பேனோ, அதற்குள் மேடம் வந்துவிட்டார்.

பசுவுக்குக் கொம்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், நடுவில் நான் போட்ட போனை வைத்ததும் அப்படியே கிளம்பியிருக்கிறார். விரலெல்லாம் நீலமும் சிவப்பும்.

"கைய எடுங்கண்ணா," என்றார் வாசலிலேயே.

எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"சொல்லுங்க."

"மேடம், கரண்டு வந்து—"

"காரணம் வேணாம். போகிலேருந்து நீங்க இன்னா இன்னா பண்ணீங்க. வரிசை மட்டும்."

இங்கேதான் நான் மென்று முழுங்கினேன். போகியன்று நான் ஆபீஸைச் சுத்தம் செய்தேன். ஒட்டடை அடித்தேன், மூலையில் கிடந்த உடைந்த நாற்காலிகளை வெளியே போட்டேன். கையோடு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. பழையன கழிய வேண்டுமல்லவா. இரண்டாவது டிஸ்கில் பார்த்தால் ஒரே மாதிரி பேரும் நம்பருமாக ஆயிரக்கணக்கில் என்னமோ அடைந்து கிடந்தது. திறந்தால் ஒன்றும் படிக்க முடியவில்லை. குப்பை என்று முடிவு கட்டி, திரும்பி வராதபடி மொத்தமாக அழித்தேன். டிஸ்க் காலியானதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு டீ குடித்தேன். திருப்தியான டீ.

அதைச் சொன்னபோது அவர் பேனா கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான். "அது லாக்குண்ணா," என்றார்.

"லாக்குன்னா?"

"டேட்டாபேஸ்ல நடக்கறத ஒண்ணு வுடாம வரிசையா எழுதிக்கிட்டே இருக்கும். கால் மணிக்கு ஒருதபா அத்த அந்த டிஸ்க்ல வச்சிரும். ஞாயித்துக்கிழம பேக்கப்ப போட்டு, அதுமேல இத்த ஒண்ணொண்ணா திருப்பி நடத்தினா, மொத டிஸ்க் செத்துப்போன நிமிஷம் வரிக்கும் வந்துரலாம். அதுக்கு ஏன்னு தெரியாது. அப்புறம் இன்னான்னு மட்டும்தான் தெரியும்."

உங்களை மாதிரியே என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அழிச்சது எத்தினி மணிக்கு?"

"பத்து நாப்பதுக்கு ஆரம்பிச்சேன். பதினோரு மணி ஆச்சு."

"அந்த இருவது நிமிஷம்?"

"பெருக்கிட்டிருந்தேன்."

அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. ஒன்றை விட்டுவிட்டேன். அந்த இருபது நிமிஷத்தில் உறுவையாற்றுக் குத்தகைக்காரர் ஒருவர் பதிய வந்தார். ஆற்றோரப் பள்ளத்தில் ரெண்டரைக் காணி வைத்திருப்பவர், மெதுவாகப் பேசுபவர். நான் முகமெல்லாம் கரியோடு துடைப்பமும் கையுமாக, "சர்வர் கிளீனிங் நடக்குது, பண்டிகை முடிஞ்சி வா" என்று அனுப்பிவிட்டேன். சரிங்க என்று போய்விட்டார். இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதா என்ன? இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மேடம் அந்த இரண்டாவது டிஸ்கை எடுத்து, ஒன்றும் எழுத முடியாதபடி பூட்டி, முதலில் அதை அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்தார். இரண்டு மணி நேரம் ஓடியது. நான் கூண்டுக் கரடி மாதிரி நடந்தேன். அழித்தது உடனே போய்விடாதாம், அதன் மேல் வேறெதையாவது எழுதும்வரை அடியில் கிடக்குமாம். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. காலையில் நான் கொட்டிய வீடியோக்காரர் சாமான்கள் ஞாபகம் வந்ததும் திரும்பப் போனது.

ஒரு மணிக்குத் தலைவர் வந்தார். "இன்னாய்யா, நாளைக்கி மிஷினு எங்க போறது? குலுக்கல் போட்டுருவமா?"

"கொஞ்சம் இருங்கய்யா," என்றார் மேடம்.

அழிந்தவை ஒவ்வொன்றாக மீண்டும் வந்தன. ஞாயிறு பேக்கப்பை ஏற்றி, லாக்குகளைத் திங்கள் காலையிலிருந்து ஒவ்வொன்றாக ஓட விட்டார். பெயர்கள் வந்தன. பாகூர்க்காரர்கள் வந்தார்கள், வில்லியனூர்க்காரர்கள் வந்தார்கள். நான் கைதட்டப் போன நேரத்தில் நின்றது. போகியன்று பத்தரை மணிக்கு அடுத்த லாக் இல்லை. அதன் மேல்தான் என் பென் டிரைவ் உட்கார்ந்திருந்தது.

"அதுக்கு அப்புறத்து லாக் எல்லாம் இருக்கே மேடம்?"

"முந்தினது இல்லாம பிந்தினது ஏறாதுண்ணா. நடுப்படி இல்லாத ஏணி."

"அந்த ஒண்ண வுட்டுட்டு..."

"வுடாது. நடுவுல இன்னா நடந்துச்சின்னு அதுக்குத் தெரியாது. தெரியாதத வச்சிக்கிட்டு மேல ஏத்தாது. நல்லதுதான்."

அதாவது போகியன்று பத்தரைக்குப் பிறகு ஒரு மணிக்கு ஆபீஸ் பூட்டும்வரை பதிந்தவர்கள் எல்லாரும் காற்றில். எனக்கு ஞாபகம் இருந்த பேரையெல்லாம் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தயிர்ச் சட்டிச் சாவி தெரிந்தது.

வாட்ஸப் குழுவில் தலைவர் செய்தி போட்டார்: கரண்ட் கோளாறு காரணமாகப் போகியன்று பத்தரைக்கு மேல் பதிந்தவர்கள் நாலு மணிக்கு நேரில் வரவும். கரண்ட் கோளாறு என்றதும் மேடம் என்னைப் பார்க்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நோட்டில் ஏதோ எழுதினார்.

நாலு மணிக்கு முப்பது பேர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தார்கள். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் மஞ்சள். மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு அப்படியே வந்தவர்களும் உண்டு. உங்கள் நம்பர் என்ன என்று கேட்டால் முப்பது பேரும் ஒன்றாம் நம்பர் என்பார்கள் என்பது எனக்கே தெரியும். மேடம் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இரண்டே கேள்வி. நீங்க வந்தப்ப உள்ள யாரு இருந்தாங்க? போறப்ப எதுர்ல யாரு வந்தாங்க?

"நான் வரச்சே இவரு பேரு சொல்லிக்கினு இருந்தாரு."

"யோவ், நான் முடிச்சிட்டு பீடி பத்த வச்சப்பதான்யா நீ வண்டிய நிறுத்தின."

"அதான சொல்றேன். ஒனக்கு அப்புறம்தான் நானு. நெருப்புப் பொட்டி வாங்கினியே, இன்னும் குடுக்கல."

இப்படி ஒருவர் பின்னால் ஒருவராகக் கண்ணி கோத்துக்கொண்டே போனது. பொய் சொல்ல வந்தவர்கள்கூட முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் சாட்சி நின்றதால் உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். பாகூர்ப் பெரியவர் ஒருவர், "நான் அவனுக்கு முன்னாடின்னுதான் நெனச்சிக்கினு வந்தேன். யோசிச்சிப் பாத்தா பின்னாடி" என்று தானாகவே ஒரு நம்பர் இறங்கினார். மேடம் திரையில் வரிசையாக ஏற்றிக்கொண்டே வந்தார். விரல் நுனியில் நீலம் இன்னும் இருந்தது.

கடைசியில் ஒருவர் நின்றார். உறுவையாற்றுக்காரர்.

"நீங்க வந்தப்ப உள்ள யாரு இருந்தாங்க?"

"உள்ள வரலைங்க. வாச வரிக்கும் வந்தேன். பதியல. வந்துட்டுப் போனேன்."

"வந்துட்டுப் போனா நம்பர் ஆயிடுமா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். "நானும்தான் கல்யாண மண்டபத்துக்கு வந்துட்டு வந்துட்டுப் போறேன், மாப்ளயா ஆயிட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். "நெலம் பள்ளம்ங்க. டயர் மிஷினு பொதையும், பெல்ட் மிஷினு ஒண்ணுதான் எறங்கும். கடைசில போட்டா மழ முந்திக்கும். அதான் கேட்டுப் பாக்கலாம்னு," என்றார்.

"ஒங்கள யாராவது பாத்தாங்களா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நாலடி தூரத்தில் நான் நிற்கிறேன். இதோ இந்த ஆள்தான் துரத்தினான் என்று விரலை நீட்டியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இவரு வந்தது யாருக்காவது தெரியுமா?"

மேடம் அவசரப்படவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். தெரியாததை அவர் ஏற்ற மாட்டார். யாரும் சொல்லவில்லை என்றால் கடைசி நம்பர், அவ்வளவுதான். எனக்குள்ளே ஒன்பது காரணங்கள் வரிசை கட்டி நின்றன. நான் சொன்னால் அப்போது ஆபீஸில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பார்கள். கரண்ட் கோளாறுக்குக் கையும் காலும் முளைத்து என் பேரும் வைத்துவிடுவார்கள். தலைவர் வேறு பக்கத்தில்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"சொல்லுங்கண்ணா."

சொன்னேன். பத்து நாற்பதுக்கு அழிக்க ஆரம்பித்தேன். துடைப்பத்தை எடுத்தேன். பத்தே முக்காலுக்கு இவர் வாசலில் வந்து நின்றார். பண்டிகை முடிந்து வா என்றேன். சரி என்று போனார். பதினோரு மணிக்கு அழித்து முடித்தேன். நான் அழித்ததால்தான் உங்கள் நம்பர் எல்லாம் போனது. என் ஆயுசில் ஜோக் இல்லாமல் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் யாரோ நல்ல வார்த்தையாக ஒன்று சொன்னார், அதை எழுத முடியாது. உறுவையாற்றுக்காரர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"சாரு மேல தப்பு இல்ல மேடம்," என்றார். "அவரு பாவம், ஒரே தூசியா இருந்தாரு. நானும் செத்த நேரம் நின்னு கேட்டிருக்கணும்."

மேடம் பத்தே முக்காலுக்கு முன்னால் வந்தவருக்கும் பதினோரு மணிக்குப் பிறகு வந்தவருக்கும் நடுவில் ஒரு வரியைத் திறந்திருந்தார்.

"யாரு மேல தப்புன்னு எழுத இதுல எடம் இல்லீங்க," என்றார். "ஊரச் சொல்லுங்க."

"உறுவையாறு," என்றார் அவர்.